மரியநாயகம் அண்ணையும் விடியற்காலைக் காற்றும்

மரியநாயகம் அண்ணை இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் பார்த்தேன். சனிக்கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கு, ரூ பெர்தொனே தெருவில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். லா சப்பலில் மரண அறிவித்தல்களைக் கடைக் கதவுகளில்தான் ஒட்டுவார்கள், பரதநாட்டிய வகுப்பு விளம்பரத்துக்கும் வாடகை அறை விளம்பரத்துக்கும் நடுவில். கதவைத் தள்ளக் கையை வைத்த பிறகுதான் கைக்கு அடியில் இருப்பது அவருடைய முகம் என்று தெரிந்தது. பின்னால் நின்ற யாரோ ஓர் அம்மா, "உள்ளுக்குப் போறியளோ, நிக்கிறியளோ பிள்ளை?" என்றார். நான் விலகி அவருக்கு வழிவிட்டேன்.

முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். ஐந்து மாதமாக அவர் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தவள் நான். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அறிவித்தலில் 'அமைதியாக இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டிருந்தது. அண்ணை உயிரோடு இருந்து அதைப் படித்திருந்தால், "அமைதியா எண்டு ஆர் பாத்தது?" என்று கேட்டிருப்பார். எதையும் அப்படித்தான் கேட்பார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். பிரான்ஸில் பிறந்த பெண். தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லியே வளர்ந்தவள், அன்று முயன்று தமிழில் பேசினாள். "அக்கா, முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறம். பப்பா ஒரு தாளிலை எழுதி வைச்சிட்டுப் போனவர். கட்டுரை நீங்கள்தான் எழுத வேணுமாம். 'வெட்டினவவே ஒட்டட்டும்' எண்டும் கிடக்கு. எனக்கு அது விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மலரில் என் பெயர் இருப்பதற்கு அதுதான் காரணம். அண்ணையைப் புகழ்ந்து எழுத உங்களில் பல பேர் இருக்கிறீர்கள். நான் எழுதுவது ஒரு வரியைப் பற்றி.

கோயிலில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மன்னார் கடற்கரையில் பிறந்தவர், இருபத்தாறு வயது வரை மீன்பிடித் தொழில் செய்தவர். இங்கே வந்து துப்புரவு வேலை. பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் வீடு. அவருடைய நிறுவனம் அவரைக் கடைசியாக அனுப்பிய இடம் கடற்படையின் பழைய ஆவணங்கள் இருக்கும் காப்பகம். காலை ஆறு மணிக்கு அதன் வாசிப்பு அறையைத் துடைத்து முடிப்பார். வாரத்தில் ஒருநாள் உடுப்பை மாற்றிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வாசகர் அட்டையோடு முன்வாசலால் உள்ளே வருவார். ஆறு மணிக்கு "பொன்ஷூர் மரியா" என்று கை காட்டிய அதே காவலாளி ஒன்பது மணிக்கு அவருடைய பையைத் திறந்து பார்ப்பான். "சட்டம் சட்டம்தானே தங்கச்சி. ஆறு மணிக்கு நான் துடைப்பம், ஒன்பது மணிக்கு நான் முசியே, பெரிய ஐயா" என்று சிரிப்பார்.

நான் மதுரைக்காரி. பகலில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. மீதி நேரத்தில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியர், பிழை திருத்துபவர், அச்சகத்துக்கு அலைபவர் எல்லாம் நானேதான். சங்கத் தலைவர் கஸ்பார் ஐயாவை உங்களுக்குத் தெரியும். காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடிமகனாகவே இங்கே வந்து இறங்கியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா சவரிமுத்து, பிரெஞ்சுக் கடற்படையின் சிறிய பீரங்கிக் கப்பல் ஒன்றில் வேலை செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் மடகாஸ்கரில் நடத்திய போரின்போது, அந்தத் தீவின் ஒரு விரிகுடாவில் அந்தக் கப்பலுக்கும் இரண்டு பாய்மரப் படகுகளுக்கும் மோதல் நடந்தது. மோதலுக்குப் பெயர்கூடக் கிடையாது. படகுகள் தாக்க வந்தன, மூழ்கடித்தோம் என்பது கப்பல் தலைவனின் அறிக்கை. காயம் பட்டும் பீரங்கியை விட்டு நகராத இந்தியன் என்று சவரிமுத்துவை அதில் ஒரு வரி பாராட்டியிருந்தது. தாக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை, அவை அரிசி ஏற்றிய என் படகுகள் என்று கரையில் இருந்த வியாபாரி ஒருவர் முறையீடு எழுதியிருந்தார். இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை முடிவாகவில்லை.

கஸ்பார் ஐயாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. லா சப்பலில் சவரிமுத்து பெயரில் ஒரு நினைவுப் பலகை வைக்கச் சொல்லி நகரசபைக்கு மனுப் போட்டிருந்தார். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரத்தைத் தேடி எடுத்து மலரில் கட்டுரையாக எழுதித் தரும்படி அண்ணையிடம் ஐயாதான் கேட்டார். பெருமைக்காகக் கேட்டார். அண்ணையும் ஒத்துக்கொண்டார்.

பழைய கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று ஒரு நாள் என்னைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்; உள்ளே பென்சில் மட்டும்தான். அறிக்கையை நான் மெல்ல மொழிபெயர்த்தேன். கப்பல் கரையை ஒட்டி நங்கூரம் போட்டிருந்தது. விடியற்காலை. வெளிக்கடல் பக்கமிருந்து இரண்டு படகுகள் முழுப் பாயும் விரித்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நேராகக் கப்பலை நோக்கி வந்தன. அண்ணை கையை உயர்த்தி நிறுத்தினார். "விடியவோ?" என்றார். விடியற்காலைதான் என்றேன். "விடியக் காத்து கடலிலை இருந்தோ? கரையிலை இருந்தெல்லோ வரும்?" என்றார். அவர் குரல் ஏறியது, பக்கத்து மேசைப் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார்.

கப்பலின் அன்றாடப் பதிவேட்டை வரவழைத்தார். அதில் மணிக்கு மணி வேகம், திசை, ஆழம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். காற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் சண்டை நடந்த வரிகளைப் படிப்பார்களே தவிர காற்றுக் கட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? நான் அந்த நாளை எடுத்து, அந்த மணிக்கு நேரே விரலை வைத்தேன். மென்காற்று, கரையிலிருந்து. அதற்கு முந்தைய மணியிலும் அதேதான். அதற்கு முந்தையதிலும் அதேதான்.

 அண்ணை பென்சிலால் தன் தாளில் ஒரு கோடு போட்டார், அது கரை. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அது கப்பல். "கரைக்காத்து. முழுப் பாய். காத்து முதுகிலை எண்டு அவரே எழுதியிருக்கிறார். அப்ப அந்தப் படகுகள் எங்கை போகும், சொல்லுங்கோ பாப்பம்?" கடலுக்குத்தான் போகும், கப்பலை விட்டு விலகித்தான் போகும் என்பது கடலையே சுற்றுலாவில் மட்டும் பார்த்த எனக்கும் புரிந்தது. "அப்ப இவங்கதான் முதல்ல சுட்டாங்களா அண்ணே?" என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. காத்து எங்கை இருந்தது எண்டது மட்டும் தெரியும்" என்றார். 

காற்றை அவர் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டார் என்பது திரும்பும் வழியில் தெரிந்தது. கார் து நோர் நிலையத்தில் நாங்கள் ஏறிய ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. யாருடையதோ பை கேட்பாரற்றுக் கிடந்ததாம். பெட்டி முழுக்க இறுக்கம், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணை அப்போது தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஊரில் போர்க்காலம். மண்ணெண்ணெய் இல்லை, பழைய வள்ளத்தில் பாய் கட்டித்தான் தொழிலுக்குப் போனார்கள். ஒரு விடியற்காலை தம்பியும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள், திரும்பவில்லை. மறுநாள் வானொலி, கடற்படையின் ரோந்துப் படகை நோக்கி வேகமாக வந்த வள்ளம் ஒன்றோடு கடலில் மோதல் என்றது.

"ரோந்துப் படகு கரையோரம் நிண்டது, நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள். கரைக்காத்திலை பாய் விரிச்சவன் கரைக்கு என்னண்டு வருவான் தங்கச்சி? ஒருத்தரும் காத்தைப் பற்றிக் கேக்கேல்லை. மோதல் எண்டு எழுதினவன் கப்பலிலை இருந்தவன். வள்ளத்திலை இருந்தவன் எழுதிறதுக்கு மிஞ்சேல்லை."

பிரான்ஸுக்கு வந்து அகதி விண்ணப்ப விசாரணையில் அவரிடம் யார் முதலில் சுட்டது என்று கேட்டிருக்கிறார்கள். நேவிக்காரங்கள்தான் எண்டு சொல்லுங்கோ அண்ணை, கேஸ் வெல்லும் என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "நான் வள்ளத்திலை இருக்கேல்லை, தெரியாது" என்று இவர் சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அனுமதி கிடைக்கும் வரை நான்கு வருடம் காகிதம் இல்லாமல், போலீஸைக் கண்டால் எதிர்ப் பக்க நடைபாதைக்கு மாறி நடந்திருக்கிறார். "ஒரு வார்த்தைதானே அண்ணே, சொல்லியிருக்கலாமே" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "நான் ஒண்டைக் கூட்டிச் சொன்னா, பிறகு காத்தையும் நம்பமாட்டினம்" என்றார். ரயில் நகர்ந்தது. நான் என் நிலையத்தில் இறங்கிக்கொண்டேன்.

கட்டுரை வந்தது. ஐந்து பக்கம், மிகையாக ஒரு சொல் இல்லை. அறிக்கை, முறையீடு, சவரிமுத்துவைப் பாராட்டிய வரி என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் காற்றைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி மொத்தக் கட்டுரையையும் திருப்பிப் போட்டுவிடும்.

அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், ஓர் உணவகத்தின் பின்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கஸ்பார் ஐயா அச்சுப்படியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "எல்லாம் அருமை. இந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க மதாம்" என்று என்னிடம் சொன்னார், அண்ணையிடம் இல்லை.

"நான் உங்கடை பாட்டாவைக் குறை சொல்லேல்லை ஐயா. காத்து எங்கை இருந்தது எண்டுதான் எழுதினனான்."

"முசியே, இது நாளைக்கு நகரசபைக்குப் போவுது. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் என்னைப் பார்த்து, எப்ப அகதியா வந்தேன்னு கேக்குறான். நாங்க அப்படி வந்தவங்க இல்லன்னு காட்ட எனக்கு இருக்கறது இந்த ஒரு தாத்தாதான்."

சொன்ன பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படி வந்தவர் என்பது ஐயாவுக்கு உறைத்தது.  அடுக்களையில் கொத்து ரொட்டி வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை தேநீரைக் குடித்து முடித்தார். "வரி நிக்கட்டும். அந்த வரி இல்லாட்டிக் கட்டுரையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கட்டுரை வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஐந்து பக்கம் காலியாகும். மனுவுக்கு ஆதாரம் இருக்காது. மறுநாள் காலை அச்சகம் கேட்கும். ஐயா எனக்கு எத்தனையோ உதவி செய்தவர், இந்த ஊரில் எனக்கு முதல் வீடு பிடித்துக் கொடுத்தவர். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து வரியை அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அடிக்க வைக்கவில்லை. அண்ணையிடம் தொலைபேசியில்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியீட்டு விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நகரசபையிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். அண்ணை மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்று மலரைப் பிரித்தார். நான் மேடை ஓரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. காற்று வரி போய்விட்டதால் கட்டுரை சவரிமுத்துவின் வீரத்தோடு முடிந்திருந்தது. எந்த மோதலை அவர் சந்தேகித்தாரோ, அதற்கு அவர் பெயரிலேயே சாட்சி சொல்லியிருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார், திரும்பவும் பின்னால் வந்தார்.

ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கஸ்பார் ஐயா பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி மேடையில் காத்திருந்தார். அண்ணை நடுவழியால் முன்னே வந்தார். சபை கை தட்டியது. அவர் மேடை ஏறவில்லை, என் முன்னால் வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கு மட்டும் கேட்கும்படி, "தங்கச்சி, இதிலை காத்து இல்லை" என்றார். மலரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கவாசலால் வெளியே போனார். ஐயா பொன்னாடையை மடித்து நாற்காலியில் போட்டார். நிகழ்ச்சி தொடர்ந்தது.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். கார் து நோரில், கீழ்த்தளத்து மேடையில் ரயிலுக்குக் காத்திருந்தார். ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பத்தொரு வயதுப் பெண், கையில் மடிக்கணினிப் பை, மூச்சை அடக்கிக்கொண்டு தூணோடு ஒட்டி நிற்கிறேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. ரயில் வந்தது, அவர் ஏறினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மகள் சொன்ன பிறகு, நான் எதை எழுதப்போகிறேன் என்பதைக் கஸ்பார் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட முடிவு செய்தேன். இன்னொரு முறை யாருக்கும் தெரியாமல் எதையும் செய்வதாக இல்லை. நகரசபை மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இந்த வரி அச்சானால் பலகை வராமல் போகலாம். நேரில் போனேன். சொல்லி முடித்துவிட்டு, சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஐயா எதிர்ச் சுவரில் இருந்த சவரிமுத்துவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னாளில் வரைந்தது, தாத்தாவுக்குக் கப்பல் தலைவன் தொப்பி வைத்துவிட்டிருந்தார்கள்.

"அடக்கத்துக்குப் போயிருந்தேன் மதாம்" என்றார். "பெட்டிக்கிட்ட நின்னப்ப ஒண்ணு தோணுச்சு. அன்னைக்கிலேருந்து சரியா சாப்பிட முடியல. எங்க தாத்தா கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி காரைக்கால்ல மீன் பிடிச்சவரு. அவருக்கும் காத்து தெரிஞ்சிருக்குமே."

நானும் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். 

"பீரங்கிக்குப் பின்னாடி நின்னவரு, படகு வருதா போவுதான்னு கப்பல்லயே நல்லாத் தெரிஞ்சது அவருக்குத்தான். சுடுன்னாங்க, சுட்டாரு. எங்க வீட்டுல அவரு அதைப் பத்தி வாயே தொறக்க மாட்டாராம். தன்னடக்கம்னு நாங்க சொல்லிக்கிட்டோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரியப் போடுங்க. பலகை வந்தா வருது, வராட்டிப் போவுது."

மகள் கொடுத்த உறையில் அண்ணையின் தாளோடு அந்தப் பழைய அச்சுப்படியும் இருந்தது. அச்சகத்தில் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். என் சிவப்புக் கோட்டின் மேல் அவர் எதையும் எழுதவில்லை, திட்டவில்லை. ஓரத்தில் பென்சிலால் கரைக்கு ஒரு கோடு, கப்பலுக்கு ஒரு புள்ளி, அதைவிட்டு விலகிப் போகும் இரண்டு சின்னப் பாய்கள் மட்டும் வரைந்திருந்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். சண்டை என்று யார் எதை எழுதினாலும் அன்றைக்குக் காற்று எங்கே இருந்தது என்று கேட்கும் அவருடைய கேள்வியையும் வைத்துக்கொள்கிறேன். வரியை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அது மரியநாயகம் எழுதியது, நான் அடித்தது. அவர் எழுதியபடியே கீழே தருகிறேன்.

'பதிவேட்டின்படி அந்த விடியற்காலையில் கரையிலிருந்தே காற்று வீசியது; ஆகவே பாய் விரித்திருந்த இரண்டு படகுகளும் கப்பலை நோக்கி வந்திருக்க முடியாது, அவை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன; முதலில் சுட்டவர் யார் என்பது எனக்குத் தெரியாது.'

அண்ணை, இதிலை காத்து இருக்கு.